நாக்கு நூரின் நாக்கு

நூர் அகமதுவின் நாக்கு அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டது. நூர் அகமது எழுந்தது ஏழு மணிக்கு.

இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் அந்த நாக்கு தொழுது முடித்து, சீரகச் சம்பாவைக் களைந்து, ஒரு கூடை வெங்காயத்தை உரித்து, மருமகளுக்கு டீ போட்டுக் கொடுத்து, பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்து இஸ்திரியும் போட்டு வைத்திருந்தது. அந்த நாக்கின் பெயர் குர்ஷித் பேகம். வயது ஐம்பத்திரண்டு. நூர் அகமதுவுக்கு மனைவி. அவள்தான் அவருடைய நாக்கு என்கிற விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று அவர்.

திண்டுக்கல் பேகம்பூரில் 'நூர் பிரியாணி' சாப்பிடாதவர்கள் இருக்கலாம். கடை வாசலில் நிற்கும் பேனரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பன்னிரண்டு அடி உயரத்தில் நூர் அகமது கரண்டியை உதட்டருகே பிடித்து, கண்ணை மூடி, நாட்டின் தலையெழுத்தை முடிவு செய்பவர் போல நிற்பார். கீழே 'நாக்கு நூர்' என்று எழுதியிருக்கும். பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால் "மக்கள்" என்பார். பேனர் அடித்தவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

ஆனால் ஒரு காலத்தில் அந்த நாக்கு உண்மையிலேயே இருந்தது. திண்டுக்கல்லில் பிரியாணிக்கு உப்பை அளந்து போட்டுவிட முடியாது. குழாயில் ஆத்தூர் தண்ணி வரும் நாளில் ஒரு கணக்கு, குழாய் வராமல் போர் தண்ணியில் சமைக்கும் நாளில் இன்னொரு கணக்கு. போர் தண்ணியே பாதி உப்பு. அதனால் கறிக்குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது, அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு வாய் விழுங்கிப் பார்த்துத்தான் மீதி உப்பைப் போட வேண்டும். அரிசி விழுந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. நூர் அகமது அதில் கெட்டிக்காரர்தான். கொரோனா வந்து பதினைந்து நாள் படுத்து எழுந்தபோது, நாக்கில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. ஊறுகாயைத் தின்றார், வேப்பிலையைத் தின்றார். ரெண்டும் ஒன்றாக இருந்தது. குளியலறைப் படியில் உட்கார்ந்து அழுதார்.

"விடுங்க... நான் பாத்துச் சொல்றேன்," என்று அன்றைக்குச் சொன்னவள் குர்ஷித். "ஒருத்தருக்கும் தெரிய வேணாம். ஒங்க பேரு ஒங்களுக்கே இருக்கட்டும்."

நாலு வருஷமாக அப்படியே இருந்தது. வீட்டுக்கும் கடையின் அடுப்படிக்கும் நடுவே ஒரு மரக்கதவு. நூர் அகமது ஒரு டம்ளர் குழம்பைக் கதவோரம் வைப்பார். குர்ஷித் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றி, ஒரு வாய் விழுங்கிப் பார்த்து, மோதிர விரலால் டம்ளரைத் தட்டுவாள். ஒரு தட்டுக்கு ஒரு பிடி உப்பு. அந்தப் பக்கம் நூர் அகமது காலிக் கரண்டியை உதட்டில் வைத்து, கண்ணை மூடி, "இன்னும் ரெண்டு பிடி" என்று அறிவிப்பார். சமையல் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள்.

அன்று கடையைப் படம் பிடிக்கச் சேனல்காரர்கள் வரும் நாள். ஏழு லட்சம் பேர் பார்க்கிற சேனல் என்று நூர் அகமது சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அது ஐந்து லட்சமாக இருந்தது. வியாழனுக்குள் தானாக வளர்ந்துவிட்டது.

"மாமா, மாமியும் வீடியோல வரட்டுமே," என்று ஆரம்பித்தவள் மருமகள் முஹ்சினா. மகன் நாசரைக் கட்டி எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் இன்னும் யோசனை சொல்லும் பழக்கம் போகவில்லை. "குடும்பமா நின்னா நல்லாருக்கும்ல."

நூர் அகமது கண்ணாடி முன் மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். "கடைக்கு ஒரு மொகம் போதும்மா. ரெண்டு மொகம் இருந்தா கஸ்டமர் கொழம்பிருவான்."

குர்ஷித் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் ஓரமா நின்னுக்கிறேங்க. அந்த மாம்பழக் கலர் சேலைய எடுத்து வச்சிருக்கேன்..."

"ஒன் சேலையப் பாக்கவா அவன் மதுரைல இருந்து வாரான்? உள்ளயே கெட. கேமரா இருக்கையில கதவுப் பக்கம் தலைய நீட்டிராத. என் பொழப்பு நாறிப்போகும்."

கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஜெய்தூன் பீவி சிரித்தாள். நூர் அகமதுவின் அக்கா. கணவர் மௌத்தானதிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். "மருமக எடுத்த வீட்டுல மாமியாளுக்கு அலங்காரம் கேக்குதாக்கும்."

குர்ஷித் பதில் சொல்லாத ஜாதி. அன்றைக்கு என்னவோ தொண்டை வரை வந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு நான் இல்லாமப் போயிருவேன். அன்னைக்குத் தெரியும் எல்லாருக்கும்."

எல்லா வீட்டு மனைவிகளும் மாதம் ஒரு தடவையாவது சொல்லும் வாக்கியம் இது. இதைச் சொன்னதற்காக யார் பெயரும் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் ஏறியதில்லை. குர்ஷித்தின் பெயர் ஏறியது.

சேனல்காரன் பெயர் நிஹால். பார்க்கிறவர்களையெல்லாம் 'லெஜண்ட்' என்று கூப்பிடும் இளைஞன். கூடவே ஒரு கேமராக்காரர். ஒன்பது மணிக்கெல்லாம் பிரியாணிக் கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் ஜெரோம், வீடியோவில் போர்த்துவதற்காக ஒரு பொன்னாடையோடு வந்து சேர்ந்தார். கேமரா இருக்கிற இடத்துக்குப் பொன்னாடை தானாகவே வந்துவிடும்.

அடுப்பில் ஏற்றிய முதல் தேக்சா நல்லபடியாக முடிந்தது. கதவுக்குப் பின்னால் டங், டங், டங். நூர் அகமது கண்ணைத் திறந்தார். "மூணு பிடி."

"லெஜண்ட்," என்றான் நிஹால். "பாய், எப்படி பாய்?"

"ஆண்டவன் குடுத்தது அப்பு. இந்த நாக்கு பொய் சொல்லாது."

இரண்டாவது தேக்சா நெஞ்செலும்பு போட்டது. டம்ளர் கதவோரம் வந்தது. குர்ஷித் அதை எடுத்த நேரத்தில் நிஹால், "பாய், இந்தக் கதவுப் பக்கமிருந்து ஒரு ஷாட் வச்சுக்கலாமா?" என்று நகர்ந்து வந்தான். கதவிடுக்கில் நூர் அகமதுவின் வாய் தெரிந்தது.

"சீக்கிரம்," என்றது அந்த வாய். "சீக்கிரம்டி."

கிண்ணத்தில் வைத்து ஆற்ற நேரமில்லை. டம்ளரின் மேலே எலும்புக் கொழுப்பு ஒரு விரல் கனத்துக்கு மிதந்தது. கொழுப்பு மூடிய குழம்பில் ஆவி தெரியாது, ஆவி தெரியாததால் சூடும் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு அது தெரியும். ஆனால் கதவில் கேமராக்காரரின் நிழல் விழுந்துவிட்டது. அவள் ஒரே மடக்காக விழுங்கினாள்.

துப்ப முடியவில்லை. துப்பினால் சத்தம் கேட்கும். கத்தவும் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உப்பு? உப்பு குறைச்சல்தான். மோதிர விரல் தானாகப் போய் டம்ளரைத் தட்டியது.

டங். டங்.

"இன்னும் ரெண்டு பிடி," என்றார் நாக்கு நூர்.

வெளியே கைதட்டல் கேட்டது.

பத்து மணிக்குக் குர்ஷித்தின் குரல் கம்மியது. பத்தரைக்கு எச்சிலை விழுங்க முடியவில்லை, ஒரு துண்டை வாயில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை. படுத்தால் தொண்டையில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

"கோவத்துல பேச மாட்டேங்கிறா," என்று விளக்கம் சொன்னாள் ஜெய்தூன் பீவி. "இருக்கட்டும், பசிச்சா வருவா."

பதினொரு மணிக்கு முஹ்சினா உள்ளே வந்தாள். மாமி முன்பக்கம் சாய்ந்து, தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மாமி... மாமி, என்ன ஆச்சு? என்ன குடிச்சீங்க?"

குர்ஷித் கையை நீட்டிக் கடைப் பக்கம் காட்டினாள். வார்த்தை வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. முஹ்சினா நாசரைக் கூப்பிட்ட சத்தத்தில் தெருவே வந்தது.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் லிடியா, குர்ஷித்தின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்த வேகத்திலேயே நர்ஸிடம் நாலு விஷயம் சொன்னார். பிறகு திரும்பினார்.

"தொண்டை உள்ள வெந்து வீங்கிக்கிட்டே வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல மூச்சுப் போற வழியே அடைச்சிரும். குழாய் போடணும். குழாய் போகலைன்னா கழுத்துல கத்தி வைக்கணும். என்ன குடிச்சாங்க? ஆசிட்டா, கொதிக்கிறது எதாவதா? யாராவது சொல்லுங்க."

நாசர் தன் அத்தாவைப் பார்த்தான். முஹ்சினா மாமாவைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தபடியே குர்ஷித்தும் பார்த்தாள். அவளுக்குப் பயமில்லை. அவருக்குத் தெரியும், அவர் சொல்லிவிடுவார். ஒரே ஒரு வார்த்தை.

நூர் அகமதுவின் பின்னால் நிஹால் நின்றான். அவன் பின்னால் ஜெரோம், கையில் இன்னும் பிரிக்காத பொன்னாடையோடு நின்றார்.

நூர் அகமது எச்சிலை விழுங்கினார். அவருக்கு அது சுலபமாக இருந்தது.

"நான்... கடையில இருந்தேன் டாக்டர்."

"வீட்ல ஏதும் சண்டையா?"

"காலைலயே சொன்னாளே," என்று முந்திக்கொண்டாள் ஜெய்தூன் பீவி. "'நான் இல்லாமப் போயிருவேன்'னு சொன்னாளே. பாத்ரூம்ல ஆசிட் பாட்டில் இருந்துச்சு... ஏண்டி, இப்படிப் பண்ணிட்டியேடி."

"அப்படியா சார்?" என்றார் டாக்டர். "அதுதானா?"

நூர் அகமது தலையை ஆட்டினார்.

பெரிய ஆட்டல்கூட இல்லை. சந்தையில் விலைக்குச் சம்மதிக்கிறவன் ஆட்டுவது போல, அரை அங்குலம். குர்ஷித் அதைப் பார்த்தாள். பிறகு நர்ஸ் ஊசி போட்டார், கூரை விளக்கு கலங்கியது. கடைசியாக அவள் கண்ணில் இருந்தது அந்த அரை அங்குலம்தான்.

குழாய் போய்விட்டது. கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. "பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா சொல்றதுக்கில்ல," என்றார் டாக்டர் லிடியா. வீக்கம் வடிய மூன்று நாலு நாள் ஆகும், அதுவரை குழாய் வழியாகத்தான் மூச்சு. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மோதிரத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கணவர் என்ற முறையில் நூர் அகமதுவிடம் கொடுத்தார்கள். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கண் விழித்தபோது நாசர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். முப்பது வயது ஆம்பிளை, ஐந்து வயதுப் பையன் மாதிரி மூக்கைச் சட்டையில் துடைத்தான்.

"எப்படிம்மா மனசு வந்துச்சு... நாங்கள்ளாம் இல்லையா? அத்தா ஒரு வார்த்த சொன்னாருன்னு எங்கள விட்டுட்டுப் போகப் பாத்தியாம்மா..."

குர்ஷித் தலையை அசைக்கப் பார்த்தாள். குழாய் விடவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். துணி விடவில்லை. மகன் அழுதுகொண்டே போய்விட்டான்.

அடுத்து ஜெய்தூன் பீவி வந்தாள். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே குனிந்தாள். "அஞ்சு வேளையும் தொழுதியேடி. உசுர மாய்ச்சுக்கிறது எம்புட்டுப் பெரிய பாவம்னு தெரியாதா ஒனக்கு? தெருவே கேக்குது. நான் என்ன பதில் சொல்ல?"

அதுதான் குர்ஷித்தைக் கொன்றது. தொண்டை எரிவதை மருந்து பார்த்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்து ஒரு வேளை தவறாமல் தொழுதவள், இனிமேல் பேகம்பூரில் 'ஆசிட் குடிச்ச பொம்பள'. நாளைக்கு மௌத்தானாலும் அந்தப் பேரோடுதான் தூக்குவார்கள். இல்லை என்று சொல்ல அவளிடம் ஒரு குரலும் இல்லை, ஒரு கையும் இல்லை.

மாலையில் நூர் அகமது வந்தார். முஹ்சினா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். குர்ஷித்தின் விரல் மட்டும் கட்டில் கம்பியைத் தொடும் தூரத்தில் இருந்தது. மோதிரம் இல்லை. நகத்தால் தட்டினாள்.

டிக். டிக்.

இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்த மனிதன் உலகத்தில் ஒருவர்தான். அவர் அந்த விரலைப் பார்த்தார். மறுபடியும் இரண்டு தட்டு. நூர் அகமது சட்டைப் பையைத் தடவினார், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடையில ஆளு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் ஆள் இருந்தது. நாக்குதான் இல்லை. முதல் நாள் பிரியாணியில் உப்பு தூக்கலாக இருந்தது. நாக்கு நூர் கண்ணை மூடி, "நாலு பிடி" என்று அறிவித்திருந்தார். அதில் இரண்டு அதிகம். மறுநாள் பயந்து ஒன்றும் போடவில்லை. அது சோற்றுக் கஞ்சியாகிவிட்டது. நத்தத்திலிருந்து மாங்காய் லோடு கொண்டு வரும் டிரைவர் தட்டைத் தள்ளி வைத்து, "பாய், இன்னைக்கு நாக்கு லீவா?" என்றார். தண்ணி சரியில்லை என்று பதில் சொல்லப்பட்டது. திண்டுக்கல்லில் எது கெட்டாலும் தண்ணியின் மேல் போடலாம், அது வந்து சாட்சி சொல்லாது.

மூன்றாம் நாள் வீடியோ வெளியானது. நூர் அகமது அதைப் பதினாறு தடவை பார்த்தார். முஹ்சினா இரண்டு தடவைதான் பார்த்தாள். முதல் தடவை ஏதோ உறுத்தியது. இரண்டாம் தடவை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள்.

டங், டங், டங். 'மூணு பிடி.'

கொஞ்ச நேரம் கழித்து, டங், டங். 'இன்னும் ரெண்டு பிடி.'

இரண்டாவது சத்தத்துக்கு முன்னால் கேமரா கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கதவிடுக்கில் ஒரு நொடி மட்டும் ஒரு கை, ஒரு டம்ளர், முந்தானை அடைத்த ஒரு வாய். கட்டில் கம்பியைத் தட்டிய விரல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் குழாயை எடுத்து, கைக்கட்டை அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் அவள் ஐசியுவுக்குள் வந்து, போனில் அந்த இடத்தை ஓடவிட்டாள். குர்ஷித் பார்த்தாள். கண்ணின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"எம்புட்டு நாளா மாமி?"

குர்ஷித் நாலு விரலைக் காட்டினாள்.

"நாலு மாசமா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"யா அல்லா..." என்று முஹ்சினா அந்த நாலு விரலையும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இத நான் எல்லாருகிட்டயும் காட்டவா?"

குர்ஷித் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். சொல்ல வேண்டிய ஆள் வேறு.

ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வரும் என்று சொன்னவுடன் நூர் அகமது முந்திக்கொண்டு வந்துவிட்டார். கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் மை போடாத மீசை வெளுத்துத் தொங்கியது.

"குர்ஷித், இங்க பாரு. ஆசிட்டுன்னு எழுத வேணாம். ஒன் பேரு கெடக் கூடாது. நான் யோசிச்சு வச்சிருக்கேன். வெந்நி குடிச்சிட்டேன்னு எழுதிரு. சளிக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நி குடிச்சிட்டேன்னு எழுதிரு. ஒனக்கும் நல்லது... கொழம்புன்னு மட்டும் எழுதிராத. வீடியோ நாலு லட்சம் பேரு பாத்துட்டான். நாளைக்கு நம்ம நாசருக்குத்தான இந்தக் கடை?"

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குர்ஷித் பேசினாள். கிழிந்த துணியை இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது.

"அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாங்கள்ல... ஒங்களுக்கு வெந்நிகூட ஞாபகம் வரலையே."

நூர் அகமது வாயைத் திறந்தார்.

"ஜெரோம் நின்னான்... அந்தப் பய நின்னான்... வாயே வரல எனக்கு."

"தலை வந்துச்சே."

அதற்குள் கதவு திறந்தது.

ஏட்டம்மா அறிவுச்செல்வி பேப்பரோடு வந்தார். கூடவே டாக்டர் லிடியா. பின்னால் நாசர், முஹ்சினா, ஜெய்தூன் பீவி.

"மேடம், நான் அன்னைக்கே நோட்ல எழுதியிருக்கேன்," என்றார் டாக்டர். "ஆசிட்டுன்னு அவங்கதான் சொன்னாங்க. எனக்கு அப்படித் தெரியல. உதட்டுல அந்த மாதிரி காயமே இல்ல. குழாய் போடறப்ப கறி மசாலா வாசம்தான் வந்துச்சு. பேசண்ட்டையே கேளுங்க."

"நீங்க பேச வேணாம்மா," என்று ஏட்டம்மா பேனாவை நீட்டினார். "எழுதிக் குடுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு? யாருக்கும் பயப்பட வேணாம்."

குர்ஷித் பேனாவை வாங்கினாள். பேப்பரைப் பார்த்தாள். பிறகு பேனாவை நூர் அகமதுவிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? வாக்குமூலம் நீங்கதான தரணும்," என்றார் ஏட்டம்மா.

குர்ஷித் அசையவில்லை. கை நீண்டபடியே இருந்தது. நூர் அகமது பேனாவை வாங்கிக்கொண்டு, அது எதற்கு உபயோகப்படும் பொருள் என்று தெரியாதவர் போல நின்றார்.

"அவளுக்கு இன்னும் மனசு சரியில்லைங்க," என்று தொடங்கினார். "இத்தன வருசமா மக்கள் எனக்குக் குடுத்த ஒரு பட்டம் இருக்கு. அந்தக் கவுரவத்துக்கு ஒரு..."

"பட்டமெல்லாம் வேணாம் பாய். சம்பவத்தச் சொல்லுங்க."

அப்போது குர்ஷித், கட்டில் பக்கத்து மேசையில் இருந்த ஆஸ்பத்திரி எவர்சில்வர் டம்ளரை எடுத்து மடியில் வைத்தாள். நகத்தால் தட்டினாள்.

டங். டங்.

நூர் அகமதுவின் கண் தானாக மூடியது. பேனா பிடித்த கை தானாக உதட்டருகே போனது.

"ரெண்டு பிடி," என்றது அவர் வாய்.

நாலு வருஷப் பழக்கம், அதற்கு இடம் பொருள் தெரியவில்லை. ஏட்டம்மா தலையைச் சாய்த்தார்.

"என்ன பாய்? என்ன ரெண்டு பிடி?"

நூர் அகமது கண்ணைத் திறந்தார். எல்லா முகங்களும் அவரைத்தான் பார்த்தன, ஒருத்தர் கையிலும் கேமரா இல்லை. சுவரில் சாய்ந்தார். அப்படியே சறுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். குளியலறைப் படியில் அன்றைக்கு உட்கார்ந்தது போல.

"உப்பு," என்றார். "ரெண்டு பிடி உப்பு. அவ சாகப் போகலம்மா. உப்புப் பாத்தா. என் நாக்கு செத்து நாலு வருசமாச்சு, அவதான் பாத்துச் சொல்லுவா... கேமரா வருதுன்னு நான்தான் சீக்கிரம் சீக்கிரம்னேன். கொதிக்கிறத அப்படியே முழுங்கிட்டா. முழுங்கிட்டும் தட்டுனா... எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டப்பவும் தெரியும். நான்தான் தலைய ஆட்டிட்டேன்."

"அம்மா..." என்று நாசர் கட்டிலில் சரிந்தான். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் ஒன்னப் போயி... நான் ஒன்னப் போயி..." என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் வரவில்லை. அவள் அவன் தலையைத் தடவினாள். முஹ்சினா இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டாள். ஏட்டம்மா பேப்பரைத் தாழ்த்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஜெய்தூன் பீவிதான் முதலில் தெளிந்தாள்.

"ஏலே நூரு. அப்ப நாலு வருசமா 'என் தம்பி கைப்பக்குவம் எவனுக்கு வரும்'னு நான் ஊரெல்லாம் சொன்னேனே, அது இவளையா?"

தம்பி தலையை ஆட்டினார்.

"ஆசிட்டுன்னு தெருவெல்லாம் வேற சொல்லி வச்சேனே," என்றாள் அவள், இந்தத் தடவை மெதுவாக. தஸ்பீஹ் மணி கையில் நின்றுபோயிருந்தது. "இனி ஒவ்வொரு வீடாப் போயி மாத்திச் சொல்லணுமே... போறேன். எம்புட்டு வீடானாலும் போறேன்டி."

எல்லோரும் வெளியே போன பிறகு நூர் அகமது தரையிலிருந்து எழுந்தார். சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மோதிரத்தை எடுத்தார். அவளுடைய விரலில் போட்டுவிடக் கை வரவில்லை, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மன்னிச்சிரு குர்ஷித்."

அவள் மோதிரத்தை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள்.

"தொண்டை சரியாயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றாள் அந்தக் கிழிந்த குரலில். "தலைய ஆட்டுனீங்கள்ல. அதுக்கு மருந்து சொல்லல."

டிஸ்சார்ஜ் ஆன அன்று அவள் பேகம்பூருக்குப் போகவில்லை. நத்தத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு, முஹ்சினாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பஸ் ஏறினாள். நூர் அகமது பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எப்ப வருவ?" என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அவருக்கு அது பெரிய முன்னேற்றம்.

நாற்பது நாள். அதற்குள் ஜெய்தூன் பீவி பேகம்பூரில் முப்பத்தேழு வீட்டுக்குப் போய் வந்தாள். போலீஸ் பேப்பர் 'தவறுதலான தீக்காயம்' என்று மூடப்பட்டது. நிஹால் போன் பண்ணி, "பாய், இது இன்னும் பெரிய கன்டென்ட், அம்மாவ வச்சு ரெண்டாவது பார்ட் பண்ணலாமா?" என்று கேட்டான். நூர் அகமது வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேமராவை வேண்டாம் என்றார். பேனரைக் கழற்றினார். அதை வீணாக்க மனமில்லாமல் விறகுக் கட்டையின் மேல் மழைக்கு மூடி வைத்தார். பன்னிரண்டு அடி நூர் அகமது கண்ணை மூடியபடி விறகின் மேல் படுத்திருந்தார். முஹ்சினா போனில் சொல்லிக் கொடுத்தபடி உப்பைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஆத்தூர் தண்ணிக்குச் சரியாக வந்தது. போர் தண்ணிக்கு வரவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. போர் தண்ணி நாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். நூர் அகமது பழக்கத்தில் ஒரு டம்ளர் குழம்பை எடுத்துக்கொண்டு அந்த மரக்கதவைப் பார்த்து நின்றார். கதவு சாத்தியிருந்தது.

குர்ஷித் வாசல் வழியாக வந்தாள். மாம்பழக் கலர் சேலை. நத்தத்து முதல் பஸ்ஸில் கசங்கியிருந்தது. வந்தவள் உள்ளே போகவில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. நூர் அகமது அடுப்படியிலிருந்து வெளியே வந்தார், அத்தனை ஆட்களுக்கு நடுவே நடந்தார், அவள் முன்னால் நின்று டம்ளரை நீட்டினார்.

குர்ஷித் வாங்கவில்லை. டம்ளரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலே கொழுப்பு மிதந்தது. ஆவி இல்லை.

"சுடுது," என்றாள்.

நூர் அகமது சுற்றிலும் பார்த்தார். கிண்ணத்தை எடுத்து வந்து, தண்ணீர் ஊற்றி, டம்ளரை அதில் வைத்து, அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார். மீசை குழம்புக்குள் போகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"பாய், அரிசி எப்பப் போடுறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாய், பசிக்குது," என்றார் மாங்காய் லோடு டிரைவர்.

"இருங்கப்பா," என்றார் நூர் அகமது, ஊதுவதை நிறுத்தாமல். "அவ உப்புப் பாக்கணும்."

பத்து நிமிஷம் ஆனது. கடை திறந்த இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அடுப்பும் அரிசியும் ஆட்களும் அவளுடைய தொண்டைக்காகக் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அப்புறம்தான் எடுத்து ஒரு வாய் விழுங்கினாள். இறங்கும்போது லேசாக எரிந்தது. இனி எப்போதும் எரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நூர் அகமதுவின் கண் அவளுடைய மோதிர விரல் மேலேயே இருந்தது.

குர்ஷித் தட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படி வரைக்கும் கேட்கும்படி, அந்தக் கம்மிய, கிழிந்த, இனி அவளுக்கென்று இருக்கப் போகிற குரலில் சொன்னாள்:

"ஒரு பிடி."